கீப்பர் வாங்கிட்டார்

தவளை தன் வாயால் கெடும் என்று சொல்லிவைத்தவர்களுக்கு ரேடியோவைத் தெரியாது. தெரிந்திருந்தால் பாவம், அந்தத் தவளையை விட்டுவிட்டு இவனைப் போட்டிருப்பார்கள்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஒருமுறை திருகிவிட்டால் நிற்காது என்பதால் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்தது. அண்ணன் கப்பல் வேலையில் கடல் கடலாகச் சுற்றிக்கொண்டிருக்க, அண்ணி ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் நடத்திக்கொண்டிருந்தாள். அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்கள் யார் வீட்டில் சௌக்கியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. கொழுந்தனை உதவியாளாகச் சேர்த்துக்கொண்டதற்கு அவள் சொன்ன காரணம், அவனைத் தனியாக வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்து என்பதுதான்.

அன்று மதியம் நிலையத்தைத் தேடி வந்த பெண்ணின் கழுத்தில் விசில் தொங்கியது. கல்லூரியில் விளையாட்டுக்குப் பொறுப்பான பி.டி. மேடமாம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நாற்காலியில் உட்காராமலே ஒரு புத்தகத்தை மேஜையில் வைத்தாள்.

"எட்டுக் கல்லூரி லீக்: எழுச்சியும் வீழ்ச்சியும்," என்று ரேடியோ அட்டையைப் படித்தான். "அடேங்கப்பா! ஒரு சாம்ராஜ்யமே சரிஞ்ச மாதிரி இருக்கே."

"ஃபுட்பால் லீக். எட்டு காலேஜ் சேர்ந்து இருபது வருஷம் நடத்தினாங்க. நின்னுபோய் முப்பது வருஷம் ஆச்சு," என்றாள் அவள். "இன்னிக்கு சாயந்திரம் எங்க காலேஜ் ஹால்ல இந்தப் புத்தகத்தை வெளியிடுறாங்க. முதல் பிரதியை நான்தான் வாங்கணும்."

முன்னட்டையில் கடைசி இறுதி ஆட்டம் முடிந்ததும் எடுத்த படம் இருந்தது. கோப்பையோடு ஓர் அணி, கோப்பையில்லாமல் ஓர் அணி.

"அச்சுல ஏதோ தப்பு," என்றான் ரேடியோ. "கப்பு வச்சிருக்கிறவங்க எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. கப்பு இல்லாதவங்க கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி பல்லைக் காட்டுறாங்க. படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்களா?"

"தப்பில்ல. சிரிக்கிற டீம்தான் தோத்த டீம். எங்க காலேஜ். நடுவுல நிக்கிறவர்தான் இந்தப் புத்தகத்தை எழுதின பேராசிரியர். அன்னிக்கு அவர்தான் கேப்டன்."

"தலை நிறைய முடி வச்சிருக்காரே. அதுக்காகத்தான் இந்தப் படத்தை அட்டையில போட்டாரோ?"

"அவருக்குப் பக்கத்துல கன்னத்துல கை வச்சு அழுதுக்கிட்டு நிக்கிறாரே, அவர் கோல் கீப்பர்," என்றாள் பி.டி. மேடம். "எங்கப்பா."

ரேடியோ வாயை மூடினான். கொஞ்ச நேரம்தான் என்றாலும் மூடினான். அண்ணி புத்தகத்தை வாங்கிக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். பென்சிலால் கோடு போட்டிருந்த இடத்தை வாய்விட்டுப் படித்தாள்.

"'இடைவேளையில், மைதானச் சுவருக்குப் பின்னால், நமது கோல் கீப்பர் வாங்கிவிட்டார். அன்றைய கல்லூரி அட்டெண்டர் அதைத் தன் கண்ணால் கண்டார். பின்னர் பந்து வலைக்குள் சென்றது. கோப்பை கைநழுவியது. அந்த ஒரு கறையால் லீக்கே மாண்டது. படத்தில் அவர் கன்னத்தில் கை வைத்து நிற்பதே குற்ற உணர்ச்சிக்குச் சாட்சி.'"

"அப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"கேட்டேன். 'விழுந்தது விழுந்ததுதாம்மா'ன்னு சொல்லிட்டு டியூட்டிக்குக் கிளம்பிட்டார். பஸ் டெப்போவுல டைம் கீப்பர்."

"அப்பவும் கீப்பர், இப்பவும் கீப்பர்," என்று ஆரம்பித்த ரேடியோ, அண்ணியின் பார்வையில் அடங்கினான்.

"எனக்கு ஒரே ஒரு பதில் வேணும் மேடம்," என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் இல்லை. "எங்கப்பா வாங்கினாரா, இல்லையா? இல்லைன்னா, மேடையில வச்சே அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறேன். ஆமான்னா, அதே மேடையில அவருக்காக மன்னிப்புக் கேட்டுட்டு வேலையை எழுதிக் கொடுத்துட்டுப் போறேன். அந்த கிரவுண்டுலயே நின்னுக்கிட்டு, 'நேர்மையா ஆடுங்கடா'ன்னு பசங்களுக்கு விசில் ஊத என்னால முடியாது."

அந்த அட்டெண்டர் இப்போது எங்கே என்று அண்ணி கேட்டாள். ரிட்டையர் ஆகி, கடைத்தெரு வணிக வளாகத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார் என்று பதில் வந்தது.

*

ஸ்கூட்டரை அண்ணி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ரேடியோ புத்தகத்தைப் படித்துக்கொண்டு வந்தான். காற்றில் பக்கம் பறந்தது. அவன் வாய் ஓயவில்லை.

லீக்கை ஆரம்பித்தவர் வாழ்நாளில் பந்தை உதைத்தறியாத ஒரு பிரின்சிபால். எட்டுக் கல்லூரிப் பையன்களும் பஸ் ஸ்டாப்பில் கல்லெறிந்து விளையாடிக்கொண்டிருந்த காலம். கல்லுக்குப் பதில் பந்து என்றால் பஸ் கண்ணாடியாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். முதல் வருஷம் நடுவராக நின்றவர் ஒரு வேதியியல் விரிவுரையாளர். அவர் பாதி ஆட்டத்தில் விசில் ஊதி, இரண்டு அணிகளுக்கும் வருகைப் பதிவு எடுத்தாராம். இன்னொரு வருஷம் இரண்டு அணியும் ஒரே நிறச் சட்டையில் வந்துவிட, ஓர் அணி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆடியது. பேராசிரியர் இதையெல்லாம் வீர காவியமாகவே எழுதியிருந்தார்.

"ஒரு சட்டம் இருக்கு அண்ணி. 'கோப்பையை வெல்லும் கல்லூரிக்கே அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் பெருமை உரியது.' அதாவது எட்டு டீமுக்கும் படுக்க இடம், சாப்பாடு எல்லாம் ஜெயிச்சவன் தலையில."

"ஸ்கோரைப் படி."

"ஆரம்பத்துல ஆறுக்கு அஞ்சு, ஏழுக்கு நாலுன்னு பின்னி எடுத்திருக்காங்க. அப்புறம் ஒண்ணுக்கு சைபர். அப்புறம் சைபருக்கு சைபர். ஒரு வருஷ ஃபைனல்ல பெனால்ட்டி பதினாலு அடிச்சு, பதினாலும் வெளியே போயிருக்கு. வயசாக வயசாக லீக்குக்குக் கண்ணு தெரியல போல."

ஸ்கூட்டர் கொஞ்சம் மெதுவானது. "கோல் அடிச்சவங்க பேர் இருக்கா?"

"ஒவ்வொரு கோலுக்கும் இருக்கு, இனிஷியலோட. இருபது வருஷத்துல ஒருத்தரையும் விடல. கடைசி கோலுக்கு மட்டும்…" ரேடியோ பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "'பந்து வலைக்குள் சென்றது.' அவ்வளவுதான். அதுவா எழுந்து நடந்து போன மாதிரி."

"அப்பன் பேர் தெரியாத கோல்," என்றாள் அண்ணி. ஸ்கூட்டர் மறுபடி வேகம் பிடித்தது.

*

லிஃப்ட்காரர் முக்காலியில் உட்கார்ந்து பொத்தான்களைக் காத்துக்கொண்டிருந்தார். கண் டாக்டர், கம்ப்யூட்டர் வகுப்பு, ஆடிட்டர் ஆபீஸ் என்று மாடிக்கு ஒன்றாக இருந்த கட்டடம் அது.

"எந்த மாடி?"

"முப்பது வருஷம் கீழே," என்றான் ரேடியோ.

"கீழே ஸ்கூட்டர் நிறுத்துற இடம் மட்டும்தான் இருக்கு," என்றார் லிஃப்ட்காரர் நிதானமாக.

அண்ணி விஷயத்துக்கு வந்தாள். கடைசி இறுதி ஆட்டம், இடைவேளை, மைதானச் சுவர். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு கீப்பர் வாங்கினாரா?"

"வாங்கினார். நான் அங்கேதான் தண்ணிக் குடம் வச்சுக்கிட்டு நின்னேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கதவு திறந்தது. கண்ணில் கட்டுப் போட்ட ஒருவர், அவர் மனைவி, பை தூக்கிய நான்கு மாணவர்கள் எல்லோரும் திமுதிமுவென்று ஏறினார்கள். அண்ணி மூலையில் ஒதுங்கினாள். அந்த நேரம் பார்த்து ரேடியோவின் சட்டைப்பையில் போன் அடித்தது. பி.டி. மேடம்தான்.

"மேடம்… என்ன சொல்றதுன்னே தெரியல. வாங்கினாராம். கண்ணால பார்த்தவரே சொல்லிட்டார். நீங்க மனசைத் தேத்திக்கிட்டு…"

கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியது. போன் செத்தது.

மூன்றாம் மாடிக்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அண்ணி கொழுந்தனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லிஃப்ட்காரரிடம் கேட்டாள்.

"என்ன வாங்கினார்?"

லிஃப்ட்காரர் இது என்ன கேள்வி என்பதுபோல் அவளைப் பார்த்தார். "அறைதான். பளார்னு ஒண்ணு. கடைவாய்ப் பல்லே ஆடிப்போச்சு பாவம். சாயந்திரம் வரைக்கும் கன்னத்துல வச்ச கையை எடுக்கவே இல்ல."

ரேடியோவுக்கு லிஃப்ட் அறுந்து விழுவதுபோல் இருந்தது. "அறையா? ஐயோ, முதல்லயே சொல்லக்கூடாதா?"

"வாங்கினாரான்னு கேட்டீங்க. ஆமான்னேன். போன மாசம் அந்தப் பேராசிரியரும் வந்து அதையேதான் கேட்டார். 'கீப்பர் வாங்கினாரா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு'ன்னார். ஒரே வார்த்தையிலதான் சொன்னேன். கொடுத்தவரே வந்து கேட்கிறாரே, வயசாச்சு, மறந்திருப்பார்னு நினைச்சுக்கிட்டேன்."

"கொடுத்தது கேப்டனா?" என்றாள் அண்ணி. "எதுக்கு?"

"பந்தைப் பிடிச்சதுக்கு."

"பிடிக்காம விட்டதுக்கா?"

"இல்லம்மா. பிடிச்சதுக்கு. 'எவன்டா உன்னைப் பிடிக்கச் சொன்னான்'னு கேட்டுக்கிட்டே அறைஞ்சார். காலேஜ் பசங்க விவகாரம், நான் என்னத்தைக் கண்டேன்?"

ரேடியோ தரைத்தளத்தில் இறங்கியதும் போனை அடித்தான். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தான். மறுபடியும் அதேதான். புத்தகத்தில் அந்த மனுஷனைக் கவிழ்த்த அதே வார்த்தையை, அதே மொட்டையாக, அவர் மகளிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். ஒரு பொண்ணு வேலையை விடப் போகிறாள், ஊர் முன்னால் தலைகுனியப் போகிறாள். எல்லாம் இந்த நாக்கால். அவனுக்கு அழுகை வந்தது.

"அண்ணி, என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க."

"வாங்க சார், நேரமாகுது," என்றாள் அண்ணி. கோபம் முற்றினால் அவள் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்கு நாலு அறையே தேவலாம்.

பிறகு லிஃப்ட்காரரிடம், கல்லூரி ஹாலுக்கு உடனே வர முடியுமா என்று கேட்டாள். அவர் முக்காலிக்கு அடியிலிருந்து 'பழுது' என்ற பலகையை எடுத்துக் கதவில் மாட்டினார்.

"பாதி நாள் நிஜமாவே பழுதுதான். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க," என்றபடி ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

*

டெப்போ போகும் வழியில்தான் இருந்தது. வாசலில் தகரக் கூண்டுக்குள் கீப்பர் உட்கார்ந்திருந்தார். நெடுநெடுவென்ற ஆள். போகிற பஸ்ஸையெல்லாம் ஏதோ தன்னைத் தாண்டிப் போகக்கூடாத பொருள்போலப் பார்த்துவிட்டு, நேரத்தைக் குறித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அண்ணி கூண்டின் ஜன்னலில் புத்தக அட்டையை வைத்தாள். "எல்லாரும் இதுல நீங்க வருத்தத்துல கன்னத்துல கை வச்சிருக்கீங்கன்னு நினைக்கிறாங்க. பல் வலிதானே?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கப்பு வச்சிருக்கிற இந்தப் பையனைப் பாருங்க," என்று அண்ணி தொடர்ந்தாள். "மடியில ஈரம் பண்ணின பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கான். ஏன்னா அதை வாங்கினா அடுத்த வருஷம் எட்டு டீமுக்கும் அவங்க காலேஜ்தான் சோறு போடணும். முதல்ல சில வருஷம் பெருமையா இருந்திருக்கும். அப்புறம் ஒவ்வொரு பிரின்சிபாலா உஷார் ஆகியிருப்பாங்க. 'ஃபைனல் வரைக்கும் போங்கடா, பேர் வரட்டும், ஆனா ஜெயிச்சுத் தொலைக்காதீங்க.' அதான் பெனால்ட்டி பதினாலும் வெளியே போச்சு. அன்னிக்கும் ரெண்டு டீமும் தோக்கத்தான் வந்திருக்காங்க. ஜெயிக்கணும்னு நின்னது நீங்க ஒருத்தர்தான்."

கீப்பர் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"என்கிட்ட மட்டும் யாரும் சொல்லலம்மா. கீப்பர்கிட்ட எதுக்குச் சொல்லணும், அவன் எப்படியும் கோல் வாங்குவான்னு விட்டுட்டாங்க. நான் வந்த பந்தையெல்லாம் பாஞ்சு பாஞ்சு பிடிக்கிறேன், எங்க ஆளுங்களே பல்லைக் கடிக்கிறாங்க. அறை விழுந்தப்புறம்தான் புரிஞ்சுது."

"புரிஞ்சப்புறமும் பிடிச்சீங்களே?"

"நின்னது கோல் போஸ்ட்டுல. வேற என்ன பண்றது?"

"அப்ப அந்தக் கடைசி கோலை அடிச்சது யாரு?" என்றான் ரேடியோ.

அவர் முகம் பழையபடி மூடிக்கொண்டது. "வந்துது. விழுந்துது. விடுங்க தம்பி. ஒரே டீம்ல ஆடினவங்களைக் காட்டிக்கொடுக்கிறதுக்கு, நான் ஒருத்தன் கெட்ட பேர் வாங்கிட்டுப் போறது மேல்னு இருந்துட்டேன். பழகிப்போச்சு."

"உங்களுக்குப் பழகிப்போச்சு," என்றாள் அண்ணி. "உங்க பொண்ணு இன்னும் கொஞ்ச நேரத்துல மேடையேறி உங்களுக்காக மன்னிப்புக் கேட்டுட்டு, வேலையை விடப் போறா. அவ என்ன தப்புப் பண்ணினா?"

அவர் எழுந்தார். கூண்டுக் கதவு வரை வந்தார். வெளியே மூன்று பஸ் வரிசையில் நின்று ஹாரன் அடித்தது. அடுத்த ஆள் வராமல் டைம் கீப்பர் இடத்தை விட்டு நகர முடியாது. அன்றைக்கும் போஸ்ட்டை விட்டு நகரவில்லை, இன்றைக்கும் நகரவில்லை.

"நீங்க போங்கம்மா," என்றார். பேனாவை மறுபடி எடுத்தார். "எப்படியாவது அவளை நிறுத்துங்க."

*

ஹாலில் ஒரு காலத்தில் ஓடியாடிய கால்களெல்லாம் இப்போது நாற்காலிக்கடியில் நீட்டிக்கொண்டிருந்தன. எட்டுக் கல்லூரிப் பழைய ஆட்டக்காரர்களும் தொந்தியும் தொப்பையுமாக வந்திருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகத்தை மடியில் வைத்து, அதில் தங்கள் பெயர் இருக்கிற பக்கத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணியும் ரேடியோவும் வாசலை அடைந்தபோது பேராசிரியர் பேசி முடித்திருந்தார். பி.டி. மேடம் முதல் பிரதியை வாங்கினாள். கைதட்டல் அடங்கியது. அவள் நேராக மைக்குக்குப் போனாள்.

"இந்தப் புத்தகத்துல எழுதியிருக்கிறது உண்மை," என்றாள். "கோல் கீப்பரோட பொண்ணு நான். எங்கப்பா வாங்கினார். கண்ணால பார்த்த சாட்சி இருக்கு. அவருக்காக இந்தச் சபை முன்னாடி நான்…"

மேடை தூரத்தில் இருந்தது. நடுவில் ஹால் நிறைய நாற்காலி. ஓடினால் எட்டாது. ரேடியோ மூச்சை இழுத்து, பிறந்ததிலிருந்து எல்லோரும் குறைக்கச் சொன்ன அந்தக் குரலை மொத்தமாகத் திறந்துவிட்டான்.

"என்ன வாங்கினார்னு கேளுங்க!"

மைக் இல்லாமலே ஹால் அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பழைய ஃபார்வர்டுகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"யாருய்யா அது?" என்றார் பேராசிரியர்.

"மேடம், நான் பாதிதான் சொன்னேன்! மீதியை லிஃப்ட் முழுங்கிடுச்சு!" என்று கத்திக்கொண்டே ரேடியோ முன்னால் ஓடினான். "சாட்சியே வந்திருக்கார், அவரையே கேளுங்க!"

கடைசி வரிசையில் சீருடையோடு லிஃப்ட்காரர் எழுந்தார். "அறை வாங்கினார்ங்க," என்றார். "பல்லு ஆடிப்போச்சு."

ஹாலில் குசுகுசுவென்று சத்தம். "யார் கொடுத்தது?" என்று யாரோ கேட்டார்கள். லிஃப்ட்காரர் வாயால் சொல்லவில்லை. பொத்தானை அழுத்துகிற அதே விரலை நீட்டி மேடையின் நடுவைக் காட்டினார்.

பேராசிரியர் சிரித்துச் சமாளித்தார். "விளையாட்டுல உணர்ச்சிவசப்படுறது சகஜம். பந்தை விட்டா கேப்டனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?"

"பிடிச்சதுக்குங்க," என்றார் லிஃப்ட்காரர்.

அண்ணி மேடைக்குக் கீழே போய் நின்றாள். "எல்லாரும் கொஞ்சம் முன்னட்டையைப் பாருங்க. ஜெயிச்ச டீம் மூஞ்சியைப் பாருங்க, தோத்த டீம் மூஞ்சியையும் பாருங்க. ஜெயிச்ச டீம் கேப்டன் வந்திருக்கீங்களா?"

இரண்டாம் வரிசையில் ஒரு மரக்கடை முதலாளி சிரமப்பட்டு எழுந்தார்.

"ஐயா, இந்தப் புத்தகத்துல எல்லாக் கோலுக்கும் அடிச்சவர் பேர் இருக்கு, கடைசி கோலுக்கு மட்டும் இல்ல. உங்க டீம்ல யார் அடிச்சது?"

மரக்கடைக்காரர் பக்கத்திலிருந்த பழைய கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் அவர். "நாங்க யாரும் அடிக்கலம்மா. எங்களுக்கும் தோத்துட்டு வரச்சொல்லித்தான் உத்தரவு. பந்தை அந்தப் பக்கம் கொண்டுபோனாத்தானே அடிக்கிறதுக்கு? அவங்க ஆளுங்களே அவங்க கோல் பக்கம் தள்ளின பந்தையெல்லாம் அந்த கீப்பர் பிடிச்சுக்கிட்டிருந்தார், எங்களுக்குக் கும்பிடணும் போல இருந்துது. கடைசியில இவர்தான், இந்தப் பேராசிரியர்தான், பின்னாலயிருந்து வந்து தலையால முட்டி அவங்க கோலுக்குள்ளேயே தள்ளிட்டார். நாங்க அத்தனை பேரும் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டோம். கப்பைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் எங்க பிரின்சிபால் டீமையே கலைச்சுட்டார். அடுத்த வருஷம் நடத்த ஆளில்ல. லீக் செத்தது அப்படித்தான்."

மரக்கடைக்காரர் உட்கார்ந்தார். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சேம் சைடு கோல்டா டேய்!" என்றது. அவ்வளவுதான். எட்டுக் கல்லூரியும் சிரித்தது. "நாங்களும் அந்தப் பெனால்ட்டியை வேணும்னேதான் வெளியே அடிச்சோம்," என்று ஒருவர் எழுந்து ஒப்புக்கொண்டார். "எங்க கீப்பர் போஸ்ட்டுல சாஞ்சு தூங்கினாருய்யா," என்றார் இன்னொருவர். முப்பது வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த தோல்விகளை ஆளாளுக்கு வெற்றிபோலச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பேராசிரியர் கை உயர்த்தினார். "அமைதி! தெரியாம தலையில பட்டிருக்கலாம். அதுக்காக என்னை…"

"சரி, தெரியாம பட்டதாகவே இருக்கட்டும்," என்றாள் அண்ணி. "இப்ப பின்னட்டையைப் பாருங்க. ஐயாவைப் பத்தி ஐயாவே எழுதினது. 'இறுதி ஆட்டம் முடிந்த அடுத்த மாதமே இதே கல்லூரியில் பிரின்சிபால் அழைத்துப் பணி வழங்கினார்.' படிப்பு முடிஞ்சு ரிசல்ட் வர்றதுக்கு முன்னாலயே வேலை." அவள் பேராசிரியரை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. வாங்கினீங்களா, இல்லையா?"

பேராசிரியர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அது காலியாக இருந்தது. இருந்தும் குடித்தார்.

"முன்னட்டையில ஒண்ணு, பின்னட்டையில ஒண்ணு," என்றான் ரேடியோ. "சொந்த கோலுக்குள்ளயே போடுற பழக்கம் ஐயாவுக்கு இன்னும் போகல."

இந்தமுறை அண்ணி அவனை முறைக்கவில்லை.

பி.டி. மேடம் மைக்கின் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கிழிப்பாள் என்றுதான் ரேடியோ நினைத்தான். அவள் கிழிக்கவில்லை. மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, 'வாங்கிவிட்டார்' என்ற வார்த்தைக்கு முன்னால் 'அறை' என்று எழுதினாள். 'பந்து வலைக்குள் சென்றது' என்ற வரிக்குப் பக்கத்தில் பேராசிரியரின் பெயரை, இனிஷியலோடு எழுதினாள். பிறகு புத்தகத்தை அவரிடமே நீட்டினாள். ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் சலசலப்பு. காக்கிச் சட்டையும் வியர்வையுமாகக் கீப்பர் வந்து நின்றார். மாற்று ஆள் வந்தபிறகுதான் கிளம்பியிருக்கிறார். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக லேட். எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதும் அவருக்குப் புரியவில்லை, மரக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டதும் புரியவில்லை. மகள் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"மன்னிப்புக் கேட்டுட்டியாம்மா?" என்றார். கன்னத்தில் அவர் கை தானாகப் போயிருந்தது. "நான் வாங்கின கெட்ட பேரு, என்னோடயே போயிருக்க வேண்டியது. உன் தலையில கொண்டுவந்து வச்சுட்டேனே."

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்திலிருந்து இறக்கினாள்.

"அது இப்ப நம்மகிட்ட இல்லப்பா," என்றாள். "வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுத்துட்டேன்."